பெயர் வேண்டாம், பதில் வேண்டும்

பெயர் வேண்டாம், தேவனாம்பட்டினம்
குவைத் வேலைக்கு மெடிக்கல் போனேன். 'அன்ஃபிட்' என்று சீட்டில் எழுதிவிட்டார்கள். ஹெபடைடிஸ் பி-யாம், காமாலை வைரஸாம். என் கண்ணும் மஞ்சளாக இல்லை, நகமும் மஞ்சளாக இல்லை. லேப்காரன் ரத்தத்தை மாற்றிவிட்டானா?

மாற்றியிருக்க வாய்ப்பு குறைவு. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மஞ்சளே தட்டுவதில்லை. சோர்வுகூட இருக்காது. பத்து, இருபது வருடம் சத்தம் போடாமல் கல்லீரலில் குடியிருக்கும். அவர்கள் பார்த்தது 'எச்.பி.எஸ். ஆன்டிஜன்' என்ற வைரஸின் மேலுறைப் புரதத்தை. ஆறு மாதம் கழித்தும் அது ரத்தத்தில் இருந்தால் 'நாள்பட்டது' என்பார்கள். அடுத்துச் செய்ய வேண்டியவை: வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு), எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் நொதி), வயிற்று ஸ்கேன். எல்லாம் அடக்கமாக இருந்தால் மாத்திரைகூடத் தேவைப்படாமல் போகலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்காணிப்பு போதும். 'அன்ஃபிட்' என்று சொன்னது குவைத்துக்கு. படகு ஏற, வலை இழுக்க, கல்யாணம் பண்ணிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

அதே பெயர் வேண்டாதவர், அதே கடிதத்தின் பின்பக்கம்
எனக்குக் கெட்ட சகவாசம் எதுவும் கிடையாது. பின்னே எப்படி வந்தது?

சகவாசம் தேவையே இல்லை, பிறந்தாலே போதும். தாயிடமிருந்து பிரசவ நேரத்தில் தொற்றினால் 100 குழந்தைகளில் 90-க்கு வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். வளர்ந்தபின் தொற்றினால் 100-இல் 95 பேருக்கு மேல் உடம்பே விரட்டிவிடுகிறது. ஆகவே நாள்பட்ட தொற்று உள்ளவரைப் பார்த்து ஒழுக்கப் பாடம் நடத்துகிறவர், பெரும்பாலும் ஒரு பச்சைக் குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் எடுத்த ரத்த மாதிரிகளைப் பற்றி 2005-இல் வெளியான ஆய்வொன்று 100-க்கு 5.7 பேரிடம் இந்த வைரஸ் இருந்ததாகச் சொன்னது. அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இந்த ஊசி நம் மாநிலத்துக்கு 2007-08 வாக்கில்தான் வந்தது. நீங்கள் அதற்கு முன் பிறந்தவர். போய் அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். அவருக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். கூடப் பிறந்தவர்களுக்கும்.

பெரியார் கலைக் கல்லூரி மாணவர், கடலூர்
எங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில்தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த வியாதியா இது?

எல்லாப் பழியையும் கோட்டைக்காரர்கள் தலையில் போட ஆசைதான். செஞ்சியிலிருந்த ராஜாராமிடம் 1690-இல் கோட்டையை வாங்கி, பீரங்கியைச் சுட்டு குண்டு விழுந்த தூரம் வரை நிலம் எங்களுக்கே என்று எழுதிக்கொண்டு, சுற்றுக் கிராமங்களுக்குக் 'குண்டு கிராமம்' என்ற பெயரையும் விட்டுப் போனவர்கள் அவர்கள். ஆனால் இந்த வைரஸுக்கு முன்னால் அவர்கள் நேற்றுப் பெய்த மழையில் முளைத்தவர்கள். 4,500 ஆண்டுக்கு முந்தைய எலும்புகளிலிருந்து இதன் மரபணுவை எடுத்ததாக 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. 2021-இல் வந்தது அதை 10,000 ஆண்டுக்கு அப்பால் கொண்டுபோனது. மனிதன் போன இடமெல்லாம் கூடவே போயிருக்கிறது. அதனால்தான் இதில் இத்தனை கிளை.

முதலாண்டு மாணவி, சிதம்பரம்
கிளை என்றால் 'ஜீனோடைப்' தானே? ஏ, டி என்கிறார்களே, எது நல்லது?

நல்லது எதுவும் இல்லை. முழு மரபணுவில் 100 எழுத்துக்கு 8 எழுத்தாவது வேறாக இருந்தால் தனி வகை என்று கணக்கு. ஏ முதல் எச் வரை நிலைபெற்றவை. ஐ, ஜே என்ற இரண்டும் பட்டியல் வாசலில் நிற்கின்றன. நம் பக்கம் டி அதிகம், அடுத்து ஏ. கிழக்கிந்தியாவில் சி-யும் உண்டு. இன்டர்ஃபெரான் ஊசிக்கு ஏ வகை கொஞ்சம் மசியும், டி பிடிவாதம் பிடிக்கும். ஆனால் இன்று எல்லோரும் சாப்பிடும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் ஜாதகம் பார்ப்பதில்லை, எல்லா வகையிலும் வேலை செய்கின்றன. ஆகவே ஜீனோடைப் டெஸ்டுக்கு என்று காசைக் கரைக்காதீர்கள். டாக்டர் காரணம் சொல்லிக் கேட்டால் எடுங்கள்.

பெயர் போடக்கூடாது, சோனாங்குப்பம்
மருந்துக்கே கட்டுப்படாமல் போய்விடும் என்கிறார்களே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சிக்கு அவ்வளவு புத்தியா?

புத்தி சுத்தமாகக் கிடையாது. கவனக்குறைவுதான் அதன் மூலதனம்.

இந்த வைரஸ் ஏறக்குறைய 3,200 எழுத்தில் முடிந்துபோகிற ஒரு துண்டுப் பிரசுரம். கல்லீரல் செல்லுக்குள் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்ப அச்சடிக்கிறது. கோளாறு என்னவென்றால் அந்த அச்சகத்தில் புரூஃப் பார்க்க ஆள் இல்லை. அச்சுக் கோர்க்கும் பாலிமரேஸ் என்ற நொதி பிழை விட்டால் விட்டதுதான். தொற்று வேகமாக இருக்கும் உடம்பில் ஒரு நாளைக்கு 10,000 கோடிக்கு மேல் பிரதிகள் வெளியேறுகின்றன. இத்தனை பிரதியில் எந்த இடத்தில் எந்த எழுத்து மாற முடியுமோ அத்தனையும் தினம் ஒருமுறையாவது மாறிவிடுகிறது. பெரும்பாலானவை குப்பை. ஒன்றிரண்டு பிழைப்பிரதிகள் மட்டும் தற்செயலாக மருந்துக்கு மசியாதவையாக இருக்கும்.

மருந்து என்ன செய்கிறது? அச்சுக் கோர்க்கிறவன் கையில் போலி எழுத்தைக் கொடுக்கிறது. அதைக் கோர்த்துவிட்டால் அடுத்த எழுத்தை அதன் பக்கத்தில் நிறுத்த முடியாது, வரி அங்கேயே அறுந்துவிடும். லாமிவுடின் அப்படி ஒரு போலி. பாலிமரேஸில் 204-ஆம் இடத்தில் இருக்கும் மெத்தியோனின் மாறி வாலினோ ஐசோலூசினோ வந்து உட்கார்ந்துவிட்டால், போலி எழுத்து கைக்குள் சரியாகப் பொருந்தாது, அசல் பொருந்தும். அவ்வளவுதான் மாற்றம். மருந்து மற்றவற்றையெல்லாம் கொன்று மைதானத்தைக் காலி செய்து கொடுக்கிறது, இது மட்டும் பெருகுகிறது. எதிர்ப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நம் மருந்து. வைரஸ் ஒன்றும் திட்டம் போடவில்லை.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், திருப்பாதிரிப்புலியூர்
எழுத்தை மாற்றிக்கொண்டே போனால் ஒரு நாள் பொருளே கெட்டு அந்த வைரஸ் அழிந்துவிடாதா?

ஐயா, இந்தக் கேள்விக்கு வகுப்பில் நீங்களே மதிப்பெண் போட்டுக்கொள்ளலாம். உண்மையிலேயே அந்தக் கடிவாளம் இருக்கிறது. இடம் பற்றாமல், இந்த வைரஸ் ஒரே எழுத்து வரிசையை இரண்டு விதமாகப் பிரித்துப் படிக்கிறது. நம் காளமேகத்தின் சிலேடை போல. மரபணுவில் பாதிக்கு மேல் இப்படித்தான். மேலுறைப் புரதத்துக்கான வரி முழுக்க பாலிமரேஸுக்கான வரிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. சிலேடையில் ஒரு எழுத்தை மாற்றினால் இரண்டு பொருளும் ஆட்டம் காணும் இல்லையா? அதனால் இது விருப்பப்படி மாற முடியாது. லாமிவுடினை ஏமாற்றும் பிரதியும் வேகம் குறைந்து நொண்டுகிறது. அதைச் சரிக்கட்ட 180-ஆம் இடம் போன்ற வேறு இடங்களில் இன்னொரு மாற்றம் தேவைப்படுகிறது. லாமிவுடினை நிறுத்தினால் பழைய வேகப் பிரதியே மறுபடி தலையெடுக்கும். ஆனால் நொண்டியின் ஒரு பிரதி செல்லின் உட்கருவில் பத்திரமாக இருக்கும். அதே மருந்தைத் திரும்ப ஆரம்பித்தால் எழுந்து வரும்.

பெயர் வேண்டாம், நெல்லிக்குப்பம்
பதினைந்து இருபது வருடம் முன்பு லாமிவுடின் சாப்பிட்டேன். முதலில் நன்றாகக் கேட்டது, அப்புறம் 'வைரஸ் ஏறிவிட்டது' என்றார்கள். நான் ஏதாவது பத்தியம் தவறினேனா?

தவறியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. தினம் தவறாமல் சாப்பிட்டவர்களுக்கும் இதே கதைதான். 1998-இல் அமெரிக்காவில் ஹெபடைடிஸ் பி-க்கு அனுமதி பெற்றபோது லாமிவுடின் பெரிய வரப்பிரசாதம்: ஊசி இல்லை, காய்ச்சல் இல்லை, தினம் ஒரு மாத்திரை. ஆனால் முதல் ஆண்டிலேயே 100-க்கு 20 பேருக்கு மேல் எதிர்ப்பு, ஐந்தாம் ஆண்டில் சுமார் 70 பேருக்கு. அடுத்து வந்த அடெஃபோவிர் மெதுவான மருந்து. அதிலும் ஐந்து ஆண்டில் 100-க்கு 29 பேர். பலவீனமான மருந்தைத் தனியாக, வருடக்கணக்கில் கொடுத்ததுதான் பிழை. அப்போது வேறு வழி குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது ஒன்று: டாக்டரிடம் போனால் "நான் லாமிவுடின் சாப்பிட்டவன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. என்டெகாவிரைப் புதிதாக ஆரம்பிப்பவர்களில் ஐந்து ஆண்டில் எதிர்ப்பு வருவது 100-க்கு ஒருவர் அளவில். லாமிவுடின் எதிர்ப்பு ஏற்கெனவே இருப்பவர்களிடம் அது பாதியைத் தொடுகிறது. பழைய சீட்டைப் பரணில் தேடுங்கள்.

சமூக சேவகி, புவனகிரி
எச்.ஐ.வி.யும் இதுவும் சேர்ந்து இருப்பவர்கள் கதி என்ன?

தமிழ்நாட்டோடு நேராகத் தொடர்புள்ள கேள்வி. 2004 ஏப்ரல் 1-இல் மத்திய அரசு எச்.ஐ.வி.க்கான இலவச ஏ.ஆர்.டி. மருந்தைத் தொடங்கியபோது முதல் மையங்களில் ஒன்று தாம்பரம் மார்பு நோய் மருத்துவமனை. பல உயிர்களைக் காப்பாற்றிய திட்டம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அந்தக் கூட்டு மருந்தில் லாமிவுடின் இருந்தது. கூட இருந்த ஸ்டாவுடின், நெவிராபின் போன்றவை ஹெபடைடிஸ் பி-யைத் தொடாதவை. அதாவது எச்.ஐ.வி.யை மூன்று பேர் சேர்ந்து அடிக்க, கல்லீரல் வைரஸை ஒற்றை ஆள் அடித்துக்கொண்டிருந்தான். எதிர்ப்பு வளர அதைவிட நல்ல வயல் கிடைக்காது. பிறகு டெனோஃபோவிர் முதல் வரிசைக்கு வந்ததும் அந்த ஓட்டை அடைபட்டது. இரண்டும் உள்ளவர்கள் டெனோஃபோவிர் இருக்கும் கூட்டுமருந்தை டாக்டர் சொல்லாமல் மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

கடைக்காரர், மஞ்சக்குப்பம்
டெனோஃபோவிருக்கும் ஒரு நாள் 'டிமிக்கி' கொடுத்துவிடுமா?

இதுவரை கொடுக்கவில்லை என்றே சொல்லலாம். பெரிய மருந்தாய்வுகளில் எட்டு ஆண்டு தொடர்ந்து பார்த்தும் எதிர்ப்பு என்று உறுதியாகக் காட்ட முடியவில்லை. போலி எழுத்து அசலுக்கு அவ்வளவு நெருக்கம். வேறுபடுத்திப் பார்க்க நொதி திணறுகிறது. சிறுநீரகத்தையும் எலும்பையும் மட்டும் அவ்வப்போது கவனிக்க வேண்டும். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டி.ஏ.எஃப். என்ற அதன் தம்பியோ என்டெகாவிரோ உண்டு. இன்று டெனோஃபோவிர் சாப்பிடும் ஒருவருக்கு வைரல் லோடு திடீரென்று ஏறினால், அனுபவமுள்ள டாக்டர் முதலில் மரபணுவைச் சந்தேகப்பட மாட்டார். "மாத்திரை டப்பாவைக் காட்டுங்கள்" என்பார்.

விசைப்படகு ஓட்டுநர், தேவனாம்பட்டினம்
கடலுக்குப் போனால் கரை திரும்ப நாலைந்து நாள் ஆகும். அந்த நாட்களில் மாத்திரை விட்டுப்போனால்?

விட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான் அதை ஒரே ஒரு மாத்திரையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். ஜி.பி.எஸ். கருவியைத் தண்ணீர் படாமல் வைக்கிறீர்கள் அல்லவா, அதே டப்பாவில் ஒரு அட்டை மாத்திரை. போகும் நாளைவிட நான்கு கூடுதலாக எண்ணி வையுங்கள், காற்று மாறினால் உதவும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் மீன்களுக்குத்தான். மாத்திரைக்குத் தடைக்காலம் கிடையாது.

பெயர் வேண்டவே வேண்டாம், புதுப்பாளையம்
ரிப்போர்ட்டில் வைரஸ் 'நாட் டிடெக்டட்'. குணமாகிவிட்டது, நிறுத்திவிட்டேன். சரிதானே?

சரியில்லை. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். ரத்தத்தில் இல்லை என்றால் வீட்டில் இல்லை என்று அர்த்தமல்ல. செல்லின் உட்கருவுக்குள் சி.சி.சி. டி.என்.ஏ. என்ற மூலப்பிரதி வட்டமாகச் சுருண்டு கிடக்கிறது. இன்றைய மாத்திரைகள் அச்சடிப்பைத்தான் நிறுத்துகின்றன, மூலப்பிரதியைத் தொடுவதில்லை. நிறுத்தியதும் வைரஸ் பொங்கி, அதை அடிக்கக் கிளம்பும் நம் எதிர்ப்பு சக்தி கல்லீரலையே புண்ணாக்கிவிடும். சிரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்) இருப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து. நிறுத்தலாமா என்பது சிலருக்குப் பொருந்தும் கேள்விதான், ஆனால் அதை டாக்டர் தொடர் பரிசோதனையோடு முடிவு செய்வார். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு வாசலில் முடிவு செய்கிற விஷயம் இல்லை.

பாட்டி வைத்தியப் பிரியர், பரங்கிப்பேட்டை
கீழாநெல்லி இருக்க மாத்திரை எதற்கு? நோபல் பரிசு வாங்கியவரே ஒப்புக்கொண்டாராமே?

இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி உண்மை.

பரூச் பிளம்பெர்க் என்ற அமெரிக்கர். ஊர் ஊராக மனிதர்களின் ரத்தம் எப்படி வேறுபடுகிறது என்று தேடிப் போனவர், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் ஒரு விசித்திரப் புரதத்தைப் பார்த்தார். அதுதான் இந்த வைரஸின் மேலுறை. 1976-இல் நோபல் பரிசு. அவர் பிறந்த ஜூலை 28-தான் இன்று உலகக் கல்லீரல் அழற்சி நாள். அவரும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் (பின்னாளில் அதே பல்கலைக்கழகத் துணைவேந்தர்) மற்றவர்களும் சேர்ந்து 1988-இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இலைக்கு அடியில் வரிசையாகக் காய் தொங்கும் நம் கீழாநெல்லியைப் பொடித்து, 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள். கொடுத்தது 37 பேருக்கு. அவர்களில் 22 பேரிடம் மேலுறைப் புரதம் மறைந்தது. போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்.

சென்னையில் வைக்கோல் போருக்குத் தீ வைத்த மாதிரி உலகமே திரும்பிப் பார்த்தது. தாய்லாந்தில் செய்தார்கள், நியூசிலாந்தில் செய்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி வேறா, பறித்த பருவம் வேறா, தேர்ந்தெடுத்த நோயாளிகள் வேறா என்று நிறைய வாதம் நடந்தது. என் தீர்ப்பு: சென்னைக்காரர்கள் நேர்மையான கேள்வியைக் கேட்டார்கள், முறைப்படி போலி மாத்திரையும் வைத்து ஆராய்ந்தார்கள். பாட்டி சொன்னதையெல்லாம் சிரித்து ஒதுக்குவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் வேறு ஊரில் திரும்பச் செய்தபோது நிற்காததை மருந்து என்று ஏற்க முடியாது.

அப்படியானால் ஊரில் மோரில் அரைத்துக் குடித்து மஞ்சள் இறங்கியதே? அந்தக் காமாலை பெரும்பாலும் கெட்ட தண்ணீரில் வரும் ஏ அல்லது இ வகை. அநேகமாகத் தானாகவே சில வாரத்தில் இறங்கிவிடும். செடி பக்கத்தில் நின்று பெயர் வாங்கிக்கொள்கிறது.

மாமியார், தாழங்குடா
மருமகளுக்கு இந்த வைரஸ் இருக்கிறது. தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டேன். போதுமா?

அதிகம். தட்டை எடுத்து உள்ளே வையுங்கள். எச்சில் தட்டிலோ இருமலிலோ கொசுவிலோ கட்டிப்பிடிப்பதிலோ இது பரவாது. ரத்தத்திலும் உடலுறவிலும் பரவும். தனியாக வைக்க வேண்டியவை பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ். வீட்டில் எல்லோரும் டெஸ்ட் எடுத்து, இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், முதலில் உங்கள் மகன்.

அந்த மருமகள் (தனி உறையில்)
நான் ஏழு மாதம். குழந்தைக்கு வருமா?

வராமல் தடுக்கலாம். வைரல் லோடு இன்றே பாருங்கள். அதிகமாக இருந்தால் கடைசி மூன்று மாதம் டெனோஃபோவிர் கொடுப்பார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் தடுப்பூசி, கூடவே இம்யூனோகுளோபுலின். பிரசவ அறைக்குப் போகும்போதே நர்ஸிடம் உங்கள் ரிப்போர்ட்டை நீட்டுங்கள். "கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்" என்று இருக்காதீர்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். மாமியாருக்கு மேலே பதில் எழுதியிருக்கிறேன், பக்கத்தைத் திறந்தபடி மேஜையில் வையுங்கள்.

பெயர் வேண்டாம், சிதம்பரம்
'ஈ ஆன்டிஜன் நெகடிவ்' என்று வந்திருக்கிறது. பாதி குணமா?

சந்தோஷப்படுவதற்கு முன் வைரல் லோடைப் பாருங்கள். சிலருக்கு உண்மையிலேயே வைரஸ் அடங்கிய அடையாளம். வேறு சிலரிடம் மரபணுவின் 1896-ஆம் எழுத்து மாறி, ஈ ஆன்டிஜனை மட்டும் செய்யாமல் மற்ற வேலையை வைரஸ் ஜோராகப் பார்த்துக்கொண்டிருக்கும். நம் ஊர் டி வகையில் இது சகஜம். மருந்தே கொடுக்காமல் தானாக நடக்கும் மாற்றம் இது. 2009-இல் குஜராத்தின் மோடாசா பகுதியில், ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சை அடுத்தவருக்கும் போட்டதால் கொத்தாகப் பரவிப் பலர் இறந்தார்கள். அங்கே பரவியதிலும் இந்த மாற்றம் இருந்தது. அதை மரபணுவின் குற்றம் என்று எழுதுவது வைரஸுக்கு அதிக மரியாதை. குற்றம் சிரிஞ்சுக்காரருடையது.

இளைஞர், கடலூர் முதுநகர்
சலூனில் ஷேவிங்?

கத்தியில் மாட்டும் பிளேடைக் காகித உறையோடு 'டக்'கென்று இரண்டாக உடைத்து, உங்கள் கண்முன் உறை பிரித்து மாட்டினால் உட்காருங்கள். மாட்டியபடியே தயாராக இருந்தால் எழுந்திருங்கள். காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கக்கூடிய வைரஸ் இது. டெட்டாலில் முக்கினேன் என்பார், நம்பாதீர்கள்.

அதே இளைஞர்
'கட்டிங்' போடலாமா?

சலூனில் மட்டும். டாஸ்மாக்கில் வேண்டாம்.

உயிரியல் ஆசிரியை, சிதம்பரம்
தடுப்பூசியிலிருந்தும் தப்பிக்கும் மாற்றம் உண்டாமே?

உண்டு. மேலுறையின் 145-ஆம் இடத்தில் கிளைசின் போய் ஆர்ஜினின் வருவது. 1990-இல் இத்தாலியிலிருந்து முதலில் எழுதினார்கள், தடுப்பூசி போட்ட குழந்தையிடம். அன்று பயந்த அளவுக்கு அது ஊரைப் பிடிக்கவில்லை. 1984-இல் குழந்தைகளுக்குத் தேசிய அளவில் போடத் தொடங்கிய தைவானில் குழந்தைகளின் கல்லீரல் புற்றுநோயே குறைந்தது. தப்பிக்கும் பிரதிக்குப் பயந்து ஊசியைத் தவிர்ப்பவர், தப்பிக்காத கோடிக்கணக்கான பிரதிகளுக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்.

கூலித் தொழிலாளி, பிச்சாவரம்
இத்தனை டெஸ்ட், இத்தனை மாத்திரைக்குக் காசு?

2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட சிதம்பரம் ராஜா முத்தையாவிலோ போய்க் கேளுங்கள். ஒரு விஷயம் எனக்கு ஆத்திரம். இந்தியாவில் 2022 கணக்கில் கிட்டத்தட்ட 3 கோடிப் பேருக்கு இந்த வைரஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. எதிர்ப்பே வராத மாத்திரை கைக்கு வந்துவிட்டது, இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்துக்கு எழுதியவர்களில் இத்தனை பேர் பெயர் போடாதே என்கிறார்கள். பெயர் சொல்லப் பயந்தால் வரிசையில் நிற்பது எப்படி?

பெயர் வேண்டாம், தேவனாம்பட்டினம் (முதல் கடிதக்காரரின் நண்பராம்)
அவனுக்கு இனி தடுப்பூசி போட்டால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறாரே?

ஏற்கெனவே வைரஸ் இருப்பவருக்குத் தடுப்பூசியால் பலன் இல்லை. டெஸ்ட் எடுத்து, வைரஸ் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போடச் சொல்லுங்கள். மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.